நிலவுக்கு மறுபடி ஆள் அனுப்புவது இந்தச் செலவுக்குத் தகுமா?

தணிக்கையாளன்:
கணக்குத் தணிக்கை என் தொழில். நிலவுக்கு மறுபடி ஆள் அனுப்பும் அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ் திட்டம் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் என் கண் முதலில் தொகைக்குத்தான் போகும். நாசாவின் செலவைத் தணிக்கை செய்யும் தலைமை ஆய்வாளர் அலுவலகம், 2025 நிதியாண்டு வரை இந்தத் திட்டத்துக்கு 9,300 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டது. 2022 மார்ச்சில் அப்போதைய தலைமை ஆய்வாளர் பால் மார்ட்டின் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் அமர்ந்து இன்னொரு கணக்கும் சொன்னார். முதல் நான்கு பயணங்களில் ஒவ்வொரு ஏவலுக்கும் 410 கோடி டாலர். எஸ்எல்எஸ் ராக்கெட்டுக்கு 220 கோடி, ஆள் உட்கார்ந்து போகும் ஓரியன் கலத்துக்கு 100 கோடி, அதற்கு உந்துவிசையும் மின்சாரமும் தர ஐரோப்பா செய்து தரும் சர்வீஸ் மாட்யூலுக்கு 30 கோடி, மீதி ஏவுதளச் செலவு. அத்தனை வருஷம் வடிவமைத்துச் சோதித்த செலவு இதில் சேரவில்லை. நிலவில் இறங்கும் கலமும் சேரவில்லை. இப்படியே போனால் தாங்காது என்றுதான் அவர் வாக்குமூலம் இருந்தது.

நம் ரூபாயில் ஒரு ஏவலுக்கு ஏறத்தாழ 35,000 கோடி. நம் விண்வெளித் துறையின் ஓராண்டு பட்ஜெட் 13,000 கோடியை ஒட்டி இருக்கிறது. சந்திரயான்-3-க்கு ஆனது சுமார் 615 கோடி.

நிலவு ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆள் போகத்தான் வேண்டுமா, போனால் இந்த விலைக்குத்தான் போக வேண்டுமா என்று கேட்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தானியங்கி:
என் பதில் சுருக்கம்: ஆள் வேண்டாம். சீனாவின் ஆளில்லாக் கலம் சாங்கே-5 2020 டிசம்பரில் 1,731 கிராம் மண்ணோடு திரும்பியது. 2024 ஜூனில் சாங்கே-6 நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராம் கொண்டுவந்தது. அந்தப் பக்கத்துக்கு எந்த மனிதனும் இறங்கியதே இல்லை. நிலவில் தண்ணீர் இருக்கிறது என்ற பேச்சை உலகம் நம்ப ஆரம்பித்ததே 2009-இல், நம் சந்திரயான்-1-இல் பொருத்தியிருந்த நாசா கருவியின் அளவீடு வந்த பிறகு. 386 கோடி ரூபாய்த் திட்டம் அது. மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநர். ஒரு மனிதனுக்குக்கூட அதில் ஆபத்து இல்லை.

ரோபோ செத்தால் இன்னொன்று செய்யலாம். மனிதனை அனுப்பும்போது மூச்சு, தண்ணீர், சாப்பாடு, கதிர்வீச்சுக்குத் தடுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே திரும்பி வரும் வழி. செலவில் பெரும்பங்கு இதற்கே போகிறது, ஆராய்ச்சிக்கு இல்லை.

கொங்குக்கல்:
நான் நிலவியல் நடத்துகிறேன். தானியங்கி சொன்ன எண்கள் எல்லாம் சரி. அவர் விட்ட எண்ணையும் பக்கத்தில் வைப்போம். சாங்கே இரண்டும் சேர்ந்து மூன்றே முக்கால் கிலோவுக்கும் குறைவு. எழுபதுகளில் சோவியத்தின் மூன்று லூனா கலங்கள் சேர்ந்து சுமார் 300 கிராம். 1969-லிருந்து 1972 வரை ஆறு அப்போலோ பயணங்களில் பன்னிரண்டு பேர் இறங்கி எடுத்து வந்தது 382 கிலோ.

எடையை விடுங்கள். எதை எடுப்பது என்று யார் முடிவு செய்தார்கள் என்பதைப் பாருங்கள். 1972 டிசம்பர், அப்போலோ 17. ஹாரிசன் ஷ்மிட், அந்தப் பன்னிரண்டு பேரில் முறையாகப் படித்த ஒரே நிலவியலாளர், ஷார்ட்டி என்ற பள்ளத்தின் விளிம்பில் நடக்கிறார். எங்கும் சாம்பல் நிறம். அவர் கால் கிளறிய இடத்தில் மட்டும் ஆரஞ்சு. நேரம் நெருக்குகிறது, கிளம்பு என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து குரல் வந்துகொண்டே இருக்கிறது. அவரும் உடன் இறங்கிய செர்னனும் அந்த இடத்தில் குறுக்காகச் சின்னப் பள்ளம் வெட்டி, நிறம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து, ஆழத்துக்கு ஒரு குழாயும் இறக்கி எடுத்தார்கள். சுமார் 350 கோடி ஆண்டுக்கு முன் நிலவின் உள்ளிருந்து நெருப்பு ஊற்றாகப் பீச்சி உறைந்த கண்ணாடித் துகள்கள் அவை.

2008-இல், சந்திரயான்-1 கிளம்புவதற்குச் சில மாதம் முன், அப்போலோ கொண்டுவந்த இத்தகைய எரிமலைக் கண்ணாடித் துகள்களுக்குள் தண்ணீர் இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 1972-இல் அதை அளக்கும் கருவியே கிடையாது. அப்போலோ 17 கொண்டுவந்த இன்னொரு குழாயை வேண்டுமென்றே மூடி வைத்திருந்து 2022-இல்தான் திறந்தார்கள். பூமியில் இருக்கும் கல் ஒவ்வொரு தலைமுறை கருவிக்கும் மறுபடி பதில் சொல்லும். நிலவில் நிற்கும் ரோபோ அனுப்பிய நாளின் கருவியோடு நின்றுவிடும்.

நான் மாணவர்களை நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிக்கு அழைத்துப் போவேன். அங்கே கிடக்கும் வெள்ளைக் கல் அனார்த்தோசைட், வயது சுமார் 250 கோடி ஆண்டு. நிலவின் வெளிர் நிற மேட்டுநிலம் பெரும்பாலும் இதே வகைக் கல்தான். அப்போலோ 15-இல் ஸ்காட்டும் இர்வினும் தேடி எடுத்த புகழ்பெற்ற கல்லும் அனார்த்தோசைட்தான். நம் இஸ்ரோ, சந்திரயான்-2 இறங்கு கலத்தைச் சோதிக்க இந்தச் சித்தம்பூண்டி, குன்னமலைக் கல்லை அரைத்துத்தான் பெங்களூரில் நிலவுத் தரை போட்டது. அங்கே போனதும் முதலாண்டுப் பிள்ளைகள் கையில் கிடைத்ததை எல்லாம் பையில் போடுவார்கள். இரண்டாம் வருஷம் வந்தால் சுத்தியலால் ஒரு தட்டு, புதிய முகத்தைத் தண்ணீரால் நனைத்துக் கைலென்ஸில் ஒரு பார்வை, வேண்டாம் என்று கீழே போட்டுவிட்டுப் பத்தடி நகர்வார்கள். கறுப்புப் பட்டை வெள்ளைக்குள் எங்கே நுழைகிறதோ அந்த இடத்துக்குத் தானாகப் போய் நிற்பார்கள். அந்த நகர்வுக்குத்தான் ஆள் வேண்டும் என்கிறேன்.

தானியங்கி:
அக்கா, ஷ்மிட் கண்ட ஆரஞ்சு மண் எனக்கும் பிடித்த கதை. ஆனால் அது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ரோபோவோடு ஒப்பிட்ட கதை. அப்போதே சோவியத்தின் லூனகோட்-2 ரோபோ வண்டி நிலவில் நான்கு மாதத்தில் 39 கிலோமீட்டர் ஓடியது. இன்றைய கேமரா ஷ்மிட்டின் கண்ணைவிட அதிக நிறம் பிரிக்கும். நிலவுக்குச் சிக்னல் போய்வர இரண்டரை நொடியை ஒட்டித்தான் ஆகிறது, செவ்வாய் மாதிரி இல்லை. ஹூஸ்டனில் பத்து நிலவியலாளர்கள் உட்கார்ந்து முறை போட்டு ஓட்டலாம்.

பணம் எங்கே போகிறது என்பதற்கு வைப்பர் ஒன்றே போதும். தென் துருவத்தில் பனியைத் துளைத்துத் தேடக் கட்டிய ரோவர். 45 கோடி டாலர் செலவழித்து, வண்டியை முழுதாகக் கட்டி முடித்த பிறகு, 2024 ஜூலையில் செலவும் தாமதமும் கூடிவிட்டது என்று நாசா நிறுத்தியது. 2025 செப்டம்பரில்தான் ப்ளூ ஆரிஜின் என்ற தனியார் நிறுவனத்திடம் கொடுத்து அனுப்ப முடிவானது. அந்த 45 கோடி, எஸ்எல்எஸ் ஏவல் ஒன்றில் ஒன்பதில் ஒரு பங்கு. பனி இருக்கிறதா என்று பார்க்கும் வண்டிக்குக் காசில்லை, பனியை நம்பி ஆள் இறக்கும் திட்டத்துக்குக் காசு இருக்கிறது. வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே என் குறை.

கொங்குக்கல்:
வைப்பர் விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான் தம்பி. ஆள் இறங்கும் முன் அந்த வண்டி போயிருக்க வேண்டும்.

ஓட்டுவது பற்றி மட்டும் ஒன்று. லூனகோட்-2-க்கு நான்கு மாதம் பிடித்த தூரத்துக்குக் கிட்டத்தட்ட, 36 கிலோமீட்டரை, அப்போலோ 17 ஜோடி மூன்று நாளில் ஓட்டினார்கள். இடையில் இறங்கி 110 கிலோ கல்லும் எடுத்தார்கள். செவ்வாயில் ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் 42 கிலோமீட்டர் போக 11 வருஷம் ஆனது.

செவ்வந்தி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் அரசு மருத்துவமனையில் செவிலி. கல் பற்றியும் ரோவர் பற்றியும் நீங்கள் பேசுவது எனக்கு மதிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இரவுப் பணியில் இரண்டு பேருக்கு ஒரு கட்டில் என்று படுக்க வைத்துவிட்டு வந்து 35,000 கோடி என்று படிக்கும்போது மனசு கேட்கவில்லை.

இது நம் ஊர்ப் புலம்பல் மட்டுமில்லை. 1969 ஜூலை 15, அப்போலோ 11 கிளம்புவதற்கு முந்தின நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபெர்னதி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை வண்டியையும் அழைத்துக்கொண்டு ஏவுதளத்துக்கே வந்தார். நாசா தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து அவரைச் சந்தித்தார். பொத்தானை அழுத்தாமல் விட்டால் வறுமை தீருமென்றால் நாங்கள் அழுத்தவே மாட்டோம் என்கிற பொருளில் பதில் சொன்னார். நல்ல பதில்தான். ஆனாலும் பொத்தான் அழுத்தப்பட்டது. அப்போலோ நடந்த பத்தாண்டில் பெரும்பாலான கருத்துக்கணிப்புகளில் அமெரிக்கர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இது செலவுக்குத் தகாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இறங்கிய சமயத்தில் மட்டும் அது மாறியது.

தணிக்கையாளன்:
செவ்வந்தி அம்மா, உங்கள் கேள்வியைக் கணக்காகவே எடுத்துக்கொள்கிறேன். 1966-இல் அமெரிக்க அரசு செலவழித்த 100 டாலரில் 4 டாலர் 40 சென்ட் நாசாவுக்குப் போனது. இன்றைக்கு அரை டாலர்கூட இல்லை. அவர்கள் ராணுவத்துக்கு வருஷம் 80,000 கோடி டாலருக்கு மேல் தருகிறார்கள்.

1970-இல் அப்போலோ 18, 19, 20 பயணங்களை ரத்து செய்தார்கள். மிச்சமான தொகை ஆஸ்பத்திரிக்கோ வீட்டு வசதிக்கோ என்று பிரித்து ஒதுக்கப்படவில்லை. செலவழித்துக் கட்டிய சாட்டர்ன் ராக்கெட்டின் பாகங்கள் அருங்காட்சியகத்தில் படுத்துக்கிடக்கின்றன. ஆகவே நிறுத்தினால் கட்டில் வரும் என்று என்னால் கையெழுத்துப் போட முடியாது.

செவ்வந்தி:
வராது என்று எனக்கும் தெரியும் சார். கட்டில் கேட்டால் நிதி இல்லை என்று ஒரு வரியில் பதில் வருகிறது. இதற்கு மட்டும் மதிப்பீடு மூன்று மடங்கு ஏறினாலும் நிதி வருகிறது. தொகையைவிட அந்த வித்தியாசம்தான் எனக்கு உறுத்துகிறது.

பணகுடிக்காரன்:
செவ்வந்தி அக்கா சொன்ன அந்த மூணு மடங்குலதான் விஷயமே இருக்கு. எங்க ஊரு மகேந்திரகிரி அடிவாரம். மலையில இஸ்ரோவோட ராக்கெட் எஞ்சின் சோதனை நடக்குறது எங்க பக்கத்துல யாருக்கும் புதுசு இல்ல, அதனால சின்ன வயசுல இருந்து எஞ்சின்னா எனக்கு உசுரு. அந்தப் பாசத்தோட சொல்றேன், எஸ்எல்எஸ்-ல செய்யுறதைப் பார்த்தா வயிறு எரியுது.

அதுல அடியில நாலு ஆர்எஸ்-25 எஞ்சின். ஸ்பேஸ் ஷட்டில் விண்கலம் ஓடுன காலத்துல அது போயிட்டு போயிட்டு திரும்பி வந்த எஞ்சின். கழட்டி, சுத்தம் பண்ணி, மறுபடி மாட்டி ஓட்டினாங்க. அதே எஞ்சின் இப்ப எட்டு நிமிஷம் எரிஞ்சிட்டு ராக்கெட்டோட கடல்ல விழுது. புதுசா செய்ய ஒண்ணுக்கு சுமார் 10 கோடி டாலர். கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளிப் பாத்திரத்தைப் பந்தி முடிஞ்சதும் எச்சில் இலையோட சுருட்டி எறியுற மாதிரி இருக்கு.

ஏன் அப்படிப் பண்ணணும்? 2010-ல அவங்க நாடாளுமன்றம் சட்டமே போட்டுது, ஷட்டிலோட ஒப்பந்தம், ஆளு, பாகம் முடிஞ்ச மட்டும் அப்படியே இதுல வரணும்னு. எந்தத் தொகுதியிலயும் வேலை போகக் கூடாது. கூலி கொடுக்குற முறையும் அதேதான், ஆன செலவுக்கு மேல லாபம் வச்சு வாங்கிக்கன்னு. இரண்டாவது ஏவுமேடைக் கோபுரம் ஒண்ணு கட்ட ஆரம்பிச்சாங்க. 2019-ல பெக்டெல் கம்பெனிக்குக் கொடுத்த ஒப்பந்தம் 38 கோடி டாலர். 2024 ஆகஸ்ட்ல ஆய்வாளர் அலுவலகம் பார்த்துட்டு, முடியும்போது 270 கோடி ஆகும்னுச்சு. இதுக்கும் மனுஷன் நிலாவுல நடக்குறதுக்கும் என்ன சம்பந்தம்? இரும்புக் கோபுரம் அது.

இன்னொரு பக்கம், இறங்குற கலத்துக்கு நிலையான விலை ஒப்பந்தம். 2021-ல ஸ்பேஸ்எக்ஸுக்கு 289 கோடி, 2023-ல ப்ளூ ஆரிஜினுக்கு 340 கோடி. மேல ஆனா அவங்க கைக்காசு. அதுலயும் தாமதம் இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா தாமதத்துக்கு வரிப்பணம் ஏறாது.

அதனால தகுமான்னு கேட்டா, 410 கோடி மனுஷனோட விலை இல்லண்ணே. அதுல பாதிக்கு மேல ஒரு ராக்கெட்டை ஒரு குறிப்பிட்ட வழியில வாங்கினதோட விலை. ரெண்டையும் ஒரே பில்லுல போட்டுட்டு மனுஷன் வேண்டாம்னு தீர்ப்பு எழுதாதீங்க.

தணிக்கையாளன்:
பணகுடித் தம்பி, எனக்கு இந்த இழையில் கிடைத்த உருப்படியான பதில் இதுதான். ஒரு தகவலும் சேர்க்கிறேன். 2025 மே மாதம் வெள்ளை மாளிகை கொடுத்த பட்ஜெட் யோசனை, தரையிறங்கும் என்று அப்போது திட்டமிட்டிருந்த மூன்றாம் பயணத்தோடு எஸ்எல்எஸ், ஓரியன் இரண்டையும் முடித்துவிடலாம் என்றது. அதே தாளில் நாசாவின் அறிவியல் பிரிவுக்குக் கிட்டத்தட்ட பாதியை வெட்டவும் கேட்டது. ஜூலையில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு நான்காவது, ஐந்தாவது பயணத்துக்கான எஸ்எல்எஸ்-க்கு 410 கோடி டாலரைத் திரும்பக் கொடுத்தது. வெட்டச் சொன்ன இடத்தில் அறிவியல், காப்பாற்ற ஓடிய இடத்தில் ராக்கெட். கொங்குக்கல் அம்மாவின் கல்லுக்காக இந்தச் சண்டை நடக்கவில்லை.

ஸ்காபரோ:
கனடாவில இருந்து எழுதுறன். ஆர்ட்டெமிஸ் 2 பயணத்துக்குத் தெரிவான நாலு பேரில ஒருவர் எங்கட ஜெரமி ஹான்சன். மற்ற மூன்று பேர் வைஸ்மன், குளோவர், கோக். அந்த இருக்கை எங்களுக்குச் சும்மா வரேல்ல. நிலவைச் சுற்றவெண்டு திட்டமிட்ட கேட்வே விண்வெளி நிலையத்துக்கு ரோபோக் கை செய்து தாறம் எண்டு கனடா ஒப்புக்கொண்டதுக்கான கைமாறு. அந்தக் கைக்கு 2024-இல கொடுத்த ஒப்பந்தம் மட்டுமே 100 கோடி கனடிய டாலரைத் தொடுது. பிறகு வெள்ளை மாளிகை அந்த கேட்வேயையே வேண்டாம் எண்டு யோசனை வைச்சுது. சின்ன நாடுகள் கையில பிடிச்சிருக்கிற நூல் எவ்வளவு மெல்லிசு எண்டு பாருங்கோ. இந்தியா 2023-இல ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையில கையெழுத்து வைச்சது. கூட்டாளியாப் போறவர்கள் இதையும் யோசிக்க வேணும்.

உயிரைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. 2022-இல ஆளில்லாமல் போய்வந்த ஓரியனின்ர வெப்பக் கவசத்தில நூறுக்கு மேற்பட்ட இடத்தில துண்டு துண்டாப் பெயர்ந்திருந்தது. கவசத்துக்குள்ள உருவான வாயு வெளியேற வழியில்லாமல் வெடிப்பு விட்டது எண்டு 2024 டிசம்பரில சொல்லி, அடுத்த பயணத்துக்கு அதே வகைக் கவசத்தோட, திரும்பி இறங்கும் பாதையை மாத்திக்கொண்டு போவம் எண்டு முடிவெடுத்தவை. 1972 ஓகஸ்டில சூரியனில ஒரு பெரும் புயல். ஏப்ரலில அப்போலோ 16 திரும்பி, டிசம்பரில 17 போக இடையில வந்தது. அந்த நேரம் ஆரும் நிலவில நிண்டிருந்தால் கடுமையாப் பாதிக்கப்பட்டிருப்பினம். கல்பனா சாவ்லாவை நினைக்காமல் இந்தக் கணக்கைப் போடக் கூடாது.

தானியங்கி:
சீனா 2030-க்குள் ஆளை இறக்கப் போகிறது, அதனால் அமெரிக்கா முந்த வேண்டும் என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். 1967 விண்வெளி ஒப்பந்தப்படி நிலவின் எந்த இடத்தையும் எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது. தென் துருவத்தில் வெயில் அதிக நேரம் படும் மேடுகள் கொஞ்சம்தான், முதலில் போனவர் கருவி வைத்த இடத்துக்கு அடுத்தவர் ஒதுங்கித்தான் போக வேண்டியிருக்கும். அந்த அளவுக்குப் போட்டி உண்மை. ஆனால் அந்த மேட்டில் கருவி வைக்க ரோபோ போதும். நிலவு மண்ணில் இருக்கும் ஹீலியம்-3 வாயுவை எடுத்து மின்சாரம் செய்யலாம் என்ற பேச்சும் வேண்டாம். அதை எரிக்கும் உலையே உலகத்தில் இல்லை.

கொங்குக்கல்:
ஹீலியம் கதையை நானும் ஏற்பதில்லை. தென் துருவம் பற்றிச் சொல்கிறேன். அப்போலோ இறங்கியது எல்லாம் நமக்குத் தெரியும் பக்கத்தின் நடுப்பகுதியை ஒட்டித்தான். ஒரு கண்டத்தில் நான்கைந்து கிராமத்தை மட்டும் பார்த்துவிட்டு அதன் வரலாறு எழுதிய நிலையில்தான் இருக்கிறோம். துருவத்தில் சூரியன் அடிவானத்தை உரசிக்கொண்டு சுற்றும். நிழல் கிலோமீட்டர் கணக்கில் நீளும். பள்ளத்துக்குள் நூறு கோடி வருஷத்துக்கும் மேலாக வெயிலே படாத தரை இருக்கிறது. அங்கே பனி எப்படிக் கிடக்கிறது, மண்ணோடு கலந்தா, அடுக்கடுக்காகவா என்று யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. அடுக்காக இருந்தால் அது வால்வெள்ளிகள் எப்போது வந்து மோதின என்பதற்கான பதிவேடு. உறைநிலை கெடாமல் அதைக் குழாயில் எடுப்பது, உடைந்தால் பக்கத்தில் இன்னொன்று எடுப்பது, இதையெல்லாம் ரோபோ செய்யவே முடியாது என்று நான் சொல்லவில்லை. பயிற்சி உள்ள இரண்டு பேர் ஒரு வாரத்தில் செய்வதை அது பல வருஷம் செய்யும்.

எனக்கும் ஒரு நிபந்தனை உண்டு. இறங்குவோரில் குறைந்தது ஒருவர் களத்தில் வளர்ந்த நிலவியலாளராக இருக்க வேண்டும். அப்போலோவில் அது கடைசிப் பயணத்தில்தான் நடந்தது. கொடி நட்டுப் படம் எடுத்துத் திரும்புவதற்கு என்றால் நானே தானியங்கியின் பக்கம் வந்துவிடுவேன்.

பணகுடிக்காரன்:
நம்ம ஊருக்கு வருவோம். 2040-க்குள்ள இந்தியர் ஒருத்தர் நிலாவுல இறங்கணும்னு 2023 அக்டோபர்ல பிரதமர் இலக்கு வச்சிருக்காரு. ககன்யான் திட்டத்துக்கு இப்ப ஒப்புதலான மொத்தம் 20,193 கோடி ரூபாய். அது பூமியைச் சுத்துறதுக்குத்தான். நிலாவுல இருந்து கல்லு எடுத்து வர ஆளில்லாத சந்திரயான்-4-க்கு 2024 செப்டம்பர்ல 2,104 கோடி ஒதுக்கியாச்சு. தணிக்கையாளன் அண்ணே, உங்க கணக்குல இதுல எது தேறும்?

தணிக்கையாளன்:
சந்திரயான்-4 தேறும், யோசிக்கவே வேண்டாம். இரண்டு ஏவலில் பாகங்களை அனுப்பி விண்ணில் இணைக்கப் போகிறார்கள். இறங்குவது, மேலே கிளம்புவது, இணைவது, மறுபடி காற்றுமண்டலத்துக்குள் நுழைவது என்று ஆளை அனுப்பத் தேவையான ஒவ்வொரு படியையும் ஆள் இல்லாமல் பழகும் திட்டம் அது.

2040 இலக்கைப் பொறுத்தவரை நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. மூன்றைக் கேட்பேன். நிலவுக்கு ஆள் அனுப்பும் செலவைத் துறையின் பொதுக் கணக்கில் கலக்காமல் தனித் தலைப்பில் காட்ட வேண்டும். வருஷா வருஷம் நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரான சிஏஜி அதைப் பார்த்து அறிக்கை வைக்க வேண்டும். அந்தத் தலைப்பு வீங்கினால் சந்திரயான் வரிசையிலிருந்து எடுத்து அடைக்கக் கூடாது. அமெரிக்காவில் இந்தச் சிக்கல் வெளியே தெரிந்ததே, எழுந்து நின்று எண்ணைச் சொல்லும் அதிகாரம் ஒரு ஆய்வாளருக்கு இருந்ததால்தான்.

செவ்வந்தி:
அந்த மூன்றும் நடந்தால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன். மருத்துவமனைக்கும் அதே மாதிரி தனித் தலைப்பு, வருஷா வருஷம் அறிக்கை வேண்டும் என்று ஒரு மனு எழுத நினைக்கிறேன். வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லித் தருவீர்களா சார்?

தணிக்கையாளன்:
கண்டிப்பாக அம்மா. உங்கள் மருத்துவமனையின் அனுமதிக்கப்பட்ட படுக்கை எண்ணிக்கை, கடந்த மூன்று நிதியாண்டுகளின் ஒதுக்கீடு, உள்நோயாளி எண்ணிக்கை, இந்த மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் முதலில் கேட்டு வாங்குங்கள். விண்ணப்ப மாதிரியைத் தனிமடலில் அனுப்புகிறேன்.